அம்பது கிலோமீட்டர்தானே!

நான் மருந்து கம்பெனி ரெப், டாக்டர்களைப் பார்த்து எங்கள் மருந்துகளைப் பற்றிச் சொல்வதுதான் வேலை. திருச்சிதான் ஹெட்குவார்ட்டர்ஸ். வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டை. 11 வருடமாக ஒரு யூனிகார்ன் பைக்தான் எனக்கு ஆபீஸ். முதுகில் ஒரு பை, டேங்க் மேல் ஒரு பை. இந்த 11 வருடத்தில் காய்ச்சலோடு வண்டி ஓட்டிய நாட்களை மட்டும் எண்ணினால் ஒரு மாதம் தேறும். சளி, இருமல், ஒற்றைத் தலைவலி எல்லாம் தனிக் கணக்கு. (வயிற்றுப்போக்கோடு அறந்தாங்கி போன கதையை மட்டும் கேட்காதீர்கள். மானம் போய்விடும்.) எத்தனையோ தடவை போயும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாத ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கு ஒரு துளித் தைரியம் சேர்ந்துகொண்டே வந்தது.

அந்தத் தைரியம் மொத்தமாகக் கரைந்தது ஒரு ஐப்பசி மாதச் சாயங்காலத்தில்.

அன்று காலையில் எழுந்தபோதே கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல வலி. இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. மேனேஜரோடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்கிற ஜாயின்ட் வொர்க் இருந்ததால் லீவு சொல்ல வாய் வரவில்லை. புதுக்கோட்டை போய்ச் சேர்ந்ததும் "உடம்பு சரியில்லை சார்" என்றேன். "நம்மகிட்ட இல்லாத மாத்திரையா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு கிளினிக்கில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெர்மாமீட்டரை நீட்டினார். 102 டிகிரி. மணி பன்னிரண்டரை. ஒரு பாராசிட்டமால் 650, கூடவே மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை. இரண்டையும் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

இரண்டு மணிக்கெல்லாம் வியர்த்துக் கொட்டி உடம்பு லேசாகிவிட்டது. அப்பாடா, காய்ச்சல் விட்டது என்று நினைத்தேன். மருந்து விற்கிறவனுக்கே இந்த நினைப்பு வந்தது என்பதுதான் வெட்கக்கேடு. பாராசிட்டமால் காய்ச்சலுக்குக் காரணமான எதையும் தொடுவதில்லை. நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோ சூட்டை இறக்கி வைத்திருக்கும், அவ்வளவுதான். பன்னிரண்டரைக்குப் போட்ட மாத்திரை ஐந்து, ஐந்தரைக்குக் கையை விரித்துவிடும். நான் வண்டியை எடுத்தது சரியாக ஐந்து மணிக்கு.

சளி மாத்திரையின் கதை வேறு. கடையில் சளிக்கென்று கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகள் நிறையவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். பழைய காலத்து அலர்ஜி மருந்து. மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே தூக்கத்தையும் கொடுக்கும். அதன் வேலை நாலு மணி நேரத்தோடு முடிவதில்லை, ராத்திரி வரைக்கும் உடம்பில் கிடக்கும். ஆக, சாயங்காலம் நான் வண்டியில் உட்கார்ந்தபோது காய்ச்சலை இறக்கிய மருந்து கிளம்பிக்கொண்டிருந்தது, தூக்கத்தைக் கொடுக்கும் மருந்து சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

பஸ்ஸில் போயிருக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்த மெடிக்கல் ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கலாம். டீச் செலவோடு சேர்த்தாலும் நூறு ரூபாய் தாண்டியிருக்காது. இதெல்லாம் அப்போது தோன்றாமல் இல்லை, தோன்றியது. 'அம்பது கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு குரல் அதை அமுக்கிவிட்டது. ஓட்டலாமா, வேண்டாமா என்று நான் யோசனை கேட்டது காய்ச்சல்காரனிடம். அவனுக்கு வேண்டியதெல்லாம் கட்டிலும் போர்வையும்தான். அதற்குக் குறுக்கு வழி எதுவோ அதைத்தான் அவன் சொல்வான்.

ஊரைத் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. மழை இல்லை, பெரிய காற்றும் இல்லை. காய்ச்சல் ஏறும்போது உடம்பு தன் சூட்டின் அளவை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறது. அந்த அளவை எட்டும்வரை நமக்குக் குளிரும், தசைகள் தானாக நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். வீட்டில் என்றால் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அந்தச் சூட்டை வழித்து எடுத்துக்கொண்டே இருக்கும், நடுக்கமும் கூடிக்கொண்டே இருக்கும். நார்த்தாமலைக் குன்றுகள் இடது பக்கம் கறுப்பாகத் தெரிந்தபோது ஓரம் கட்டி மழைக்கோட்டை எடுத்து மாட்டினேன். எங்கள் ரெப் கூட்டத்தில் சட்டைக்குள் பேப்பரை மடித்து வைக்கிற வித்தையும் உண்டு. காற்றைத் தடுக்க இரண்டும் நல்லதுதான். ஆனால் என் நடுக்கம் உள்ளேயிருந்து வந்தது, ஹேண்டில்பாரே கூட ஆடியது.

மூக்கு அடைத்திருந்ததால் வாயால் மூச்சு விட்டேன். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. தூக்கிவிட்டால் கண்ணில் பூச்சி, இறக்கினால் எதிரே வரும் விளக்குகளெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கித் தெரியும். இரண்டு தடவை தும்மினேன். தும்மும்போது கண் மூடிக்கொள்ளும் அரை நொடியில் வண்டி எட்டு மீட்டர் போயிருக்கும் என்பது பின்னால் உட்கார்ந்து போட்ட கணக்கு. அப்போது கணக்கெல்லாம் வரவில்லை.

கீரனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. டிரெய்லர் நிறையத் தைல மரக் கட்டை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அந்த லோடு பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், விளக்கும் இருக்காது. கட்டைகளின் வெட்டு முகங்கள் வட்ட வட்டமாக வெளுப்பாகத் தெரிந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். தூங்கவில்லை. கட்டை, டிராக்டர், மெதுவாகப் போகிறது, பிரேக் பிடிக்க வேண்டும் என்று எல்லாமே வரிசையாகப் புரிந்தது. கைதான் வரவில்லை. மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே இருக்கிறவன் 'என்ன?' என்று கேட்டுவிட்டு நிதானமாக எழுந்து வருவானே, அப்படி ஒரு தாமதம். ஒரு நொடிதான் இருந்திருக்கும். 60-ல் ஒரு நொடி என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக்கை அமுக்கியபோது இடது பக்கம் மண்ணில் இறங்கியிருந்தேன். வண்டி இரண்டு முறை ஆடி, என்ஜின் அணைந்து நின்றது. கட்டை முனை என் வலது தோளிலிருந்து ஒரு கை தூரத்தில் கடந்துபோனது. டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது.

பக்கத்தில் இருந்த மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வழியில் டோல்கேட் ஒன்று உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை, தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். தாண்டியதாக எனக்கு நினைவே இல்லை. டூவீலர் போகும் இடது ஓரச் சந்து, வேகத்தடை, விளக்கு எதுவும் மனசில் பதியவில்லை. தைலக் கட்டையைவிட இதுதான் பயமுறுத்தியது.

இதற்கு அப்புறமாவது அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டாமா? இல்லை, மறுபடி வண்டியை எடுத்தேன். "மாத்தூர் வரை போய்விட்டால் போதும்" என்று இந்தத் தடவை பேரம் குறைந்திருந்தது.

போகும்போது என்னைத் தாண்டிய இரண்டு பையன்கள் கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். மெதுவாகப் போகிறேன் என்று திட்டுகிறார்கள் போல என நினைத்துக்கொண்டேன். இன்னொரு ஆள், ஸ்கூட்டரில் வந்தவர், என் காலைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அதுவும் மண்டையில் ஏறவில்லை. மாத்தூரில் டீக்கடை விளக்கைப் பார்த்து இடது பக்கம் சாய்த்தபோது கீழே 'கர்ர்ர்' என்று இரும்பு தரையில் உரசி, பின்சக்கரம் லேசாக எகிறியது. வண்டி கிட்டத்தட்ட நின்றிருந்ததால் காலை ஊன்றித் தப்பித்தேன்.

கடையில் இருந்த அக்கா, அறுபது வயது இருக்கும், கரண்டியைக் கையில் வைத்தபடியே சத்தம் போட்டார். "ஸ்டாண்டைக் கூட தட்டாம வர்றீங்களே தம்பி!"

மதகுப் பக்கம் போட்ட சைடு ஸ்டாண்டை எடுக்காமலேயே ஓட்டி வந்திருக்கிறேன். ஸ்டாண்டு போட்டிருந்தால் என்ஜின் ஓடாத மாதிரி இப்போது வண்டிகள் வருகின்றன. என்னுடையது பழைய வண்டி. நம் ஊரில் ஸ்டாண்டு எடுக்காமல் போகிறவனைக் கண்டால் முன்பின் தெரியாதவர்கூடத் துரத்தி வந்து சொல்லிவிட்டுப் போவார். அப்படி மூன்று பேர் சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை.

வண்டியிலிருந்து இறங்கி நின்றதும் கண் இருட்டிவிட்டது. காய்ச்சலில் நீர் வற்றிய உடம்பு, ஒரே நிலையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கத்தான் செய்யும். அந்த நேரம் 140 கிலோ வண்டி நம் பக்கம் சாய்ந்தால் தாங்க முடியாது. ஓடும்போது விழாதவர்கள் நிற்கும்போது விழுவது இப்படித்தான். அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம்: உடம்பு லேசாகச் சரியில்லை என்றாலும் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே அரை நிமிடம் காலை ஆட்டிவிட்டுத்தான் இறங்குவேன்.

அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அடுப்பு மாதிரி கொதிக்குது. சாவியைக் குடுங்க."

"பரவால்லக்கா, ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். ஏர்போர்ட் தாண்டினா வீடுதான்."

"டீ தர்றேன். சாவியை முதல்ல குடுங்க."

கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, தொட்டுக்கொள்ள ஒரு பன். காலையில் தின்ற இரண்டு இட்லிக்குப் பிறகு வயிற்றுக்குள் போனது அதுதான். வீட்டுக்குப் போன் போட்டேன். "நானே ஓட்டிட்டு வந்துடுவேன், லேட்டாகும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "என்னங்க, பேசுறப்பவே பல்லு கிட்டுது. அங்கேயே இருங்க" என்று மனைவி வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் மச்சான் ஒரு நண்பனோடு பைக்கில் வந்தான். அவன் போட்ட திட்டம், நண்பன் என் வண்டியை ஓட்டுவது, நான் மச்சானுக்குப் பின்னால் உட்காருவது. அக்கா அதற்கும் சம்மதிக்கவில்லை. "பின்னாடி வச்சா தூங்கி விழுந்துருவாரு. பஸ்ஸுல கூட்டிட்டுப் போப்பா" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். காய்ச்சல்காரரை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. பிடி தளர்ந்து அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவரால் வண்டியை நேராக்க முடியாது. ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, ஆபத்தான நிலை என்றால் 108. நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணும் இருக்கிறது. நான் என் வண்டியை அந்தக் கடை ஓரத்தில் பூட்டிவிட்டு மச்சானோடு பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் தூங்கிவிட்டேன். இதே தூக்கம்தான் ஒரு மணி நேரம் முன்பு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. டாக்டர் எனக்குத் தெரிந்தவர், நான் வழக்கமாகப் போய்ப் பார்க்கிற டாக்டர்களின் பட்டியலில் இருப்பவர். நடந்ததைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "டெங்குல ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, அதான் பிளேட்லெட், இறங்கும். அந்த நேரம் பார்த்து ரோட்ல விழுந்து தலையில அடிபட்டிருந்தா ரத்தம் நிக்காது. நீங்க விக்கிற எந்த மருந்தும் காப்பாத்தாது" என்றார். என் பையில் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் சாம்பிள் இருந்தது. இடுப்பு வலிக்கு அதில் ஒன்றைப் போட நினைத்து, வெறும் வயிறு என்பதால்தான் விட்டேன். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலில் அதையும் இப்யூபுரூஃபெனையும் ஆஸ்பிரினையும் தொடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. உடனே எங்கள் மருந்தை மொத்தமாக வாங்கி விற்கிற ஸ்டாக்கிஸ்ட் கடைக்கு ஒரு எட்டு போய்வரலாம் என்று சட்டை மாட்டினேன். அன்றைக்கும் திட்டு வாங்கினேன். டெங்குவில் சூடு இறங்குகிற ஒன்றிரண்டு நாள்தான் உண்மையான கண்டம். தட்டணு அடிமட்டத்துக்குப் போவதும் ரத்த அழுத்தம் சரிவதும் அப்போதுதான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது. காய்ச்சல் போய்விட்டது என்று வண்டிச் சாவியை எடுக்கிற நேரமும் அதுவாகத்தான் இருக்கிறது. எனக்குப் பழைய பலம் வர மூன்று வாரம் ஆனது. முதல் நாள் தெருமுனைக் கடை வரை போய்த் திரும்பியதற்கே கிளட்ச் பிடித்த இடது கை நடுங்கியது.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். மருத்துவ விதி ஒன்றும் இல்லை, என் சொந்தக் கட்டுப்பாடு. கிளம்பும் முன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவேன். நல்ல நாளில் யோசிக்காமல் செய்கிற வேலை அது. ஏற்றும்போது மூச்சு வாங்கினால், கை தளர்ந்தால், தலை கிறுகிறுத்தால் சாவி பைக்குள் போய்விடும். நோயாளியிடம் கருத்துக் கேட்கிற வேலையே இல்லை, இரும்பு பதில் சொல்லிவிடும். இரண்டாவது, பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர். 101 தாண்டினால் பஸ். மாத்திரை போட்டு இறக்கிய சூட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, போடுவதற்கு முன் எவ்வளவு இருந்ததோ அதுதான் கணக்கு. மூன்றாவது, தூக்கம் தருகிற மாத்திரை எதையும் ராத்திரி வீட்டில்தான் போடுவேன். சளி மாத்திரை, இருமல் சிரப், பஸ் பயண வாந்திக்குப் போடுகிற மாத்திரை எல்லாவற்றின் அட்டையையும் திருப்பிப் படியுங்கள், வாகனம் ஓட்டாதீர்கள் என்று பொடி எழுத்தில் நிறைய மருந்துகளில் போட்டிருக்கும். செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை பழையவற்றைவிடக் குறைவாகத் தூக்கம் தரும் என்று டாக்டர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. சிலருக்கு அதுவே ஆளை அசத்திவிடும்.

உடம்பில் நீர் வற்றாமல் இருக்கக் கலக்கிக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். உப்புப் பாக்கெட் இரண்டு டேங்க் பையில் கிடக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், உப்பு ஏறிப் பலன் தலைகீழாகிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனக்கு இருக்கிற நோயால் அடுத்தவருக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தே வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவில் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 வரை அபராதம். அதன்படி யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தைலக் கட்டைக்குப் பதில் ரோட்டை ஒரு பிள்ளை கடந்திருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ஆயிரம் ரூபாய் மலிவு என்று தோன்றும்.

லீவு போடு என்று சொல்வது சுலபம். எனக்கு மாதச் சம்பளம், சிக் லீவு உண்டு, அப்படியிருந்தும் போடவில்லை. சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்களுக்கும் கொரியர் தம்பிகளுக்கும் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் வருமானம் போச்சு. அவர்களுக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இவ்வளவுதான் சொல்வேன்: 40-ஐத் தாண்டாதீர்கள், பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி முகம் கழுவுங்கள், இருட்டிய பிறகு வேண்டாம், எங்கே போகிறோம் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கடந்து வந்த கடைசி இரண்டு ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வரவில்லையா, அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

வண்டியை மறுநாள் மச்சான்தான் எடுத்து வந்தான். அந்த அக்கா அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாராம். டீக்கு அன்றைக்கு நான் காசு கொடுக்கவே இல்லை என்பது அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

போன மார்கழியில் மறுபடி புதுக்கோட்டையில் காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல்தான். தெர்மாமீட்டர் 101.4 காட்டியது. மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். டோல்கேட் வந்தது. எவ்வளவு பெரிய கூரை, பட்டப்பகல் மாதிரி எத்தனை விளக்கு, வரிசையாகப் போட்ட வேகத்தடைகளில் பஸ் ஒவ்வொன்றாகக் குலுங்கி இறங்கியது. டூவீலர் சந்தில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இருமிக்கொண்டே போனார். அவர் ஸ்டாண்டை எடுத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். எடுத்திருந்தார்.